பழைய காரின் ஏசி: கேஸ் ஏற்றுவது கடைசி வேலை

பழைய காரில் ஏசி குளிரவில்லை என்றால் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். கேஸ் தீர்ந்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள், ஒரு கேன் ஏற்றுவார்கள், கொஞ்ச நாள் குளிரும், மறுபடியும் சூடான காற்று. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. குறையாமலேயே குளிரவில்லை என்றால் வெப்பம் வெளியேறும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கேஸ் பாட்டிலைத் தொடக் கூடாது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தைக் கூலிங் காயிலில் வாங்கி, முன்னால் இருக்கும் கண்டென்சரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பழைய கார்களில் ஏசி வேலை தோற்பது பெரும்பாலும் இந்தக் கொட்டுகிற இடத்தில்தான். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர், ஹோஸ், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறதே என்று தவிப்பவர்கள் கண்டென்சருக்கு முன்னால் போய் நின்று காற்று எவ்வளவு வருகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்தக் குறிப்பில் கண்டென்சருக்கும் காற்றுக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில், காரில் இருப்பது என்ன

1990-களின் தொடக்கம் வரை வந்த கார்கள் ஆர்-12 கேஸுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, வளர்ந்த நாடுகளில் 1996 தொடக்கத்தோடு அதன் உற்பத்தி நின்றது. அதற்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. இடையில் காரை யார் யார் தொட்டிருக்கிறார்கள், எந்த கேஸ், எந்த ஆயில் போட்டிருக்கிறார்கள் என்பது பழைய காரில் நிச்சயமில்லை. கேஸ் ஏற்றவும் கேஜ் மாட்டவும் உள்ள சர்வீஸ் வாய்களைப் பாருங்கள். ஆர்-12 வாய் மரையுள்ள ஃபிளேர் வாய். ஆர்-134ஏ வாய் மரையில்லாமல் தட்டி மாட்டும் குவிக் கப்ளர் வகை. லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம்) 13 மி.மீ., ஹை சைடு (கம்ப்ரசர் தள்ளும் அதிக அழுத்தப் பக்கம்) 16 மி.மீ. வாயை மாற்றாமலே வேறு கேஸை ஏற்றியவர்களும் உண்டு, அதனால் வாயை மட்டும் நம்ப வேண்டாம். கேஸைக் கண்டறியும் கருவி உள்ள பட்டறையில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. புரொபேன் கலந்த கேஸ் உள்ளே இருந்தால் அது தீப்பிடிக்கும்; கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள்.

அடுத்து கம்ப்ரசர். யார்க், டெக்கம்சே வகை இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர்கள், ஜிஎம் கார்களின் ஏ6, கிரைஸ்லரின் ஆர்வி2, பிற்கால ஆர்4, ஐந்து சிலிண்டர் சான்டன் ஆகியவைதான் அதிகம் கண்ணில் படும். யார்க்கில் அடியில் ஆயில் தொட்டி உண்டு. ஆயில் அளவைக் கம்பி விட்டுப் பார்க்கலாம். ஆர்4-ல் தொட்டி கிடையாது. கேஸோடு சுற்றி வரும் ஆயில்தான் அதற்கு உயிர். கேஸ் பாதி போன நிலையில் ஓட்டினால் ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, கூலிங் காயில் உறையாமல் காக்கும் ஏற்பாடு. சில கார்களில், கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்சைத் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு இயக்கும். 1960-களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். லோ சைடில் ஒரு வால்வ் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜிஎம்-ல் இதற்கு பிஓஏ வால்வ், கிரைஸ்லரில் இபிஆர் வால்வ். இந்த வால்வ் இருக்கும் காரில் கேஜ் முள்ளைப் பார்த்து முடிவுக்கு வரும் முறையே வேறு. கேஜ் மாட்டிய இடம் வால்வுக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் லோ சைடு எண்ணைப் படித்தால் தப்பான பாகம் கழற்றப்படும்.

கேஜ் சொல்வதைப் படிப்பது

எஞ்சின் ஓடாதபோது இரண்டு முள்ளும் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் ஆர்-12 என்றால் சுமார் 93 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ என்றால் சுமார் 97. இந்த எண் வந்துவிட்டால் கேஸ் நிறைய இருக்கிறது என்று பொருள் இல்லை. உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருந்தாலும் இதே அழுத்தம்தான் காட்டும். இதைவிடக் குறைவாகக் காட்டினால் கிட்டத்தட்டக் காலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினை 1,500 ஆர்பிஎம்-ல் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கதவுகளைத் திறந்து வைத்துப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் ஆர்-134ஏ ஓடும் நல்ல அமைப்பில் ஹை சைடு 210 முதல் 240 பிஎஸ்ஐ வரையும், லோ சைடு 25 முதல் 40 வரையும் இருக்கும். இதிலிருந்து விலகினால்:

இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே போய் வேக்கத்தில் நின்றால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வோ டிரையரோ அடைத்திருக்கிறது. நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்து, 15-20 நிமிடத்தில் குளிர் நின்று, நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி போட்டால் திரும்பக் குளிர்ந்தால், உள்ளே ஈரம் இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் அது பனியாகி அடைக்கிறது. லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு என்றால் கம்ப்ரசருக்குள் ரீட் வால்வ் போயிருக்கும். அந்த நிலையில் ஹை சைடு முள் சில நேரம் வேகமாக நடுங்கும். லோ சைடு அதிகமாகி, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசர் வரைக்கும் வரும் சக்ஷன் குழாய் வியர்த்துக் கொட்டினால் எக்ஸ்பான்ஷன் வால்வ் திறந்தே நிற்கிறது. பெரும்பாலும் அதன் உணர்குமிழ் (குழாயின் வெப்பத்தை அறியும் சிறு குமிழ்) குழாயிலிருந்து விலகியிருக்கும் அல்லது மேலே சுற்றிய காப்பு நாடா உதிர்ந்திருக்கும்.

இரண்டும் அதிகம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கேஸ் அதிகம், உள்ளே காற்று கலந்திருக்கிறது, கண்டென்சருக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று மூன்று காரணங்கள் இருக்கலாம். இவற்றைப் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கேஜ் மாட்டியபடி எஞ்சின் ஓடும்போது கண்டென்சரின் மீது தண்ணீர்க் குழாயால் பூப்போலத் தெளியுங்கள். ஹை சைடு முள் சட்டென்று 50, 60 பிஎஸ்ஐ இறங்கி, உள்ளே வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டரும் கூடவே இறங்கினால் கேஸ் அளவில் தவறில்லை. கண்டென்சரும் ஃபேனும்தான் போதவில்லை. அந்தக் காரில் கேஸைக் குறைத்தும் கூட்டியும் விளையாடுவதால் ஒரு பயனும் இல்லை.

லீக் எங்கே

ஆயில் படிந்த இடத்தில் தூசி ஒட்டும். முதலில் டார்ச் அடித்து, இணைப்புகளில் கறுத்து ஈரமான திட்டுகளைத் தேடுங்கள். கம்ப்ரசரின் முன் சீல், ஹோஸின் கிரிம்ப் வளையம், சர்வீஸ் வாயின் வால்வ் ஊசி, கண்டென்சரின் கீழ் மூலை ஆகியவை வழக்கமான இடங்கள். மாதக் கணக்கில் ஓடாமல் நின்ற காரில் கம்ப்ரசர் முன் சீல் காய்ந்து கசியும். பழைய காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்பவர்கள் அப்போதே ஏசியையும் பத்து நிமிடம் ஓடவிட்டால் அந்த சீல் ஆயிலில் நனைந்தபடி இருக்கும்.

அமைப்பு காலியாக இருந்தால் உலர் நைட்ரஜனை ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக இணைக்கவே கூடாது. ஆக்சிஜன் ஏற்றினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். பட்டறைக் கம்ப்ரசரின் காற்றில் ஈரம் இருப்பதால் அதுவும் வேண்டாம். கூலிங் காயிலைத் தனியே கழற்றிச் சோதிப்பதானால் தண்ணீர்த் தொட்டியில் முழுக்கிப் பாருங்கள். இரவு முழுக்க நைட்ரஜன் அழுத்தம் இறங்காமல் நின்றால்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். இரவு குளிர்ந்திருந்தால் முள் சற்று இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆர்-12-ஐ விடுவதா, வைத்துக்கொள்வதா

லீக் இல்லாமல் ஒழுங்காகக் குளிரும் ஆர்-12 அமைப்பை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மறுசுத்தம் செய்த ஆர்-12 கிடைக்கும் இடத்தில் சின்ன லீக்கை அடைத்து, அதே கேஸைப் போட்டுக்கொள்வது காரின் அசல் தன்மைக்கும் நல்லது, குளிருக்கும் நல்லது. எப்படியும் கம்ப்ரசர், ஹோஸ் எல்லாம் மாற்றும் நிலை வந்துவிட்டால் ஆர்-134ஏ-க்கு மாறிவிடுங்கள்.

மாறும்போது தெரிந்திருக்க வேண்டியது: கண்டென்சர் 65 டிகிரிக்குச் சூடேறும்போது ஆர்-12-ன் அழுத்தம் சுமார் 230 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ-யின் அழுத்தம் சுமார் 260. அதாவது சூடு கூடக் கூட ஆர்-134ஏ அதிகமாகத் தள்ளும். கண்டென்சர் பலவீனமான காரில் இந்த வித்தியாசம் அப்படியே வென்ட்டில் தெரியும்.

எந்த கேஸாக இருந்தாலும் காற்றில் திறந்துவிடாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், வளிமண்டலத்துக்கும் கேடு. மீட்டெடுக்கும் கருவி உள்ள இடத்தில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஆர்-12 கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 30, ஆர்-134ஏ-க்கு மைனஸ் 26. திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்த இணைப்பையும் தளர்த்த வேண்டாம். இந்தக் கேஸ்கள் நெருப்பில் பட்டால் நச்சுப் புகை வரும் என்பதால் பக்கத்தில் வெல்டிங், கேஸ் அடுப்பு எதுவும் கூடாது.

திறந்த பிறகு

ஆர்-12 அமைப்பில் இருந்த மினரல் ஆயில் ஆர்-134ஏ-யோடு கலக்காது. கூலிங் காயிலின் அடியில் போய்த் தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டுபோகும். அதனால் கூலிங் காயிலையும், பழைய குழாய் வகைக் கண்டென்சரை வைத்துக்கொள்வதானால் அதையும் ஃபிளஷ் திரவம் விட்டுக் கழுவி, உலர் நைட்ரஜனால் ஊதி, துணியில் ஆயில் கறை வராத வரைக்கும் தொடருங்கள். கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் கழுவக் கூடாது. பேரலல் ஃப்ளோ கண்டென்சரையும் கழுவ முடியாது. பல நுண்குழாய்கள் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஃபிளஷ் திரவம் திறந்த வழியில் போய்விடும், அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உலோகத் தூள் பரவியிருந்தால் அந்தக் கண்டென்சரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

புது கம்ப்ரசருக்கு அதன் லேபிளில் சொன்ன பிஏஜி என்ற செயற்கை ஆயிலே சரி. பழைய ஆயில் முழுதாகப் போயிருக்குமா என்ற சந்தேகம் இருக்கும் அமைப்பில் எஸ்டர் ஆயில் பாதுகாப்பானது. மிச்சமிருக்கும் மினரலை அது சகித்துக்கொள்ளும். பாகத்துக்குப் பாகம் சேர்க்கும் அளவு தோராயமாக இது: கண்டென்சருக்கு 30 மி.லி., கூலிங் காயிலுக்கு 60 மி.லி., டிரையருக்கு 30 மி.லி. புது கம்ப்ரசர் முழு ஆயிலோடு வந்திருந்தால் அமைப்பின் மொத்த அளவைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அப்படியே மேலே ஊற்றிக்கொண்டே போனால் ஆயில் கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். பிஏஜி ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மூடி திறந்த பாட்டிலை மாதக் கணக்கில் அலமாரியில் வைத்திருந்து பயன்படுத்தக் கூடாது.

டிரையர் கட்டாயம் புதிது. ஆர்-12 காலத்து எக்ஸ்எச்-5 உலர்மணிகள் ஆர்-134ஏ அமைப்பில் கரைந்து தூளாகும். எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 உள்ள டிரையர் வாங்குங்கள். உள்ளே வரும் வாய் எது என்று மேலே குறித்திருக்கும். நேராக நிற்கும்படி மாட்டுங்கள். எல்லா இணைப்பும் முடிந்து வேக்கம் பம்பை இணைக்கும் நேரத்தில்தான் அதன் மூடியைக் கழற்ற வேண்டும்.

ஓ-ரிங்குகளை எச்என்பிஆர் ரப்பருக்கு மாற்றுங்கள். பச்சை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பொருள் என்ன என்று கேட்டு வாங்குங்கள். மரையிலும் ஓ-ரிங்கிலும் மினரல் ஆயில் தடவுங்கள். பிஏஜி தடவினால் ஈரத்தை இழுத்து அலுமினிய மரை அரித்துப் பிடித்துக்கொள்ளும். இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்றால் பிடிக்காமல் மற்றதால் திருகினால் கண்டென்சர் குழாய் முறுக்கிக்கொண்டு கழுத்தில் விரிசல் விடும். அலுமினிய இணைப்புகளுக்கு (எண் ஹோஸின் அளவைக் குறிக்கும்) 6-ம் எண் 15-18 நியூட்டன் மீட்டர், 8-ம் எண் 20-27, 10-ம் எண் 28-37 அளவு போதும். 1960-களின் சில கார்களில் ஓ-ரிங்கே இல்லாமல் ஃபிளேர் முகம் மட்டும் இருக்கும். அந்த முகத்தில் கீறல் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். செம்பு வாஷர் போடுவது தீர்வு.

ஹோஸ்: உள்ளே நைலான் படலம் உள்ள பேரியர் ஹோஸ்தான் வேண்டும். ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியே மெல்ல ஊடுருவி வெளியேறும். கண்டென்சருக்குப் போகும் அழுத்த ஹோஸ் 8-ம் எண், உள்விட்டம் சுமார் 10 மி.மீ. கண்டென்சரிலிருந்து கூலிங் காயில் வரை திரவ ஹோஸ் 6-ம் எண், 8 மி.மீ. திரும்பி வரும் சக்ஷன் ஹோஸ் 10-ம் எண், சுமார் 13 மி.மீ. பெரிய அமைப்புகளுக்கு சக்ஷன் 12-ம் எண் தேவைப்படும். பழைய முனைகளை வைத்துக்கொள்வதானால் கிரிம்ப் செய்யுங்கள். முள் முனையில் திருகு கிளாம்ப் போட்டு இறுக்கும் பழைய முறை இந்தக் கேஸுக்குத் தாங்காது. எக்ஸாஸ்ட்டிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளி ஹோஸ் ஓட வேண்டும்.

கம்ப்ரசர் மாற்றம்

ஏ6 கம்ப்ரசர் சுமார் 16 கிலோ. அதே வேலையைச் செய்யும் சான்டன் 508 குடும்பம் 7 கிலோ அளவே. எடை குறைவது மட்டுமில்லை, யார்க் போன்ற இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர் தரும் அதிர்வும் போகிறது. சிறிய எஞ்சினில் ஐடில் நன்றாக நிற்கும். ஆனால் அசல் நிலையைக் காக்க விரும்பும் காரில், தேய்மானம் இல்லாத ஏ6-ஐ புது சீல் போட்டு ஓட்டுவதிலும் தவறில்லை.

மாற்றும்போது பிராக்கெட்டில்தான் வேலை. கம்ப்ரசர் கப்பியும் கிராங்க் கப்பியும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நேர்விளிம்புக் கட்டையை வைத்துப் பார்த்தால் விலகல் 1.5 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பெல்ட் கத்துவதும் பிராக்கெட் உடைவதும் இந்த விலகலால். எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும்போதும் கம்ப்ரசர் தொடர்ந்து 6,000 ஆர்பிஎம்-ஐத் தாண்டாதபடி கப்பி அளவைத் தேர்ந்தெடுங்கள். ஆயில் மூடி மேல்பக்கம் இருக்கும்படி மாட்டுவது சான்டனில் விருப்பமான நிலை, இருபுறமும் 90 டிகிரி வரை சாய்க்கலாம், தலைகீழாக வேண்டாம்.

கிளட்ச் இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றி மூன்று இடத்தில் பாருங்கள், 0.4 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எஞ்சின் அறை சூடேறும்போது கிளட்ச் ஒட்டாமல் நழுவும். காலையில் வேலை செய்யும் ஏசி மதிய வெயிலில் நின்றுவிடுகிறது என்ற புகாரில் இது அடிக்கடி வரும் காரணம். ஷிம் ஒன்றை எடுத்தால் முடிந்தது.

கண்டென்சரும் காற்றும்

பழைய குழாய்-தகடு கண்டென்சரை எடுத்துவிட்டு பேரலல் ஃப்ளோ கண்டென்சர் போடுவதுதான் ஆர்-134ஏ மாற்றத்தில் மிகப் பெரிய பலன் தருவது. ரேடியேட்டர் முகத்தில் எவ்வளவு அகலம் உயரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கும் நிரப்புங்கள். ரேடியேட்டரிலிருந்து 12 முதல் 20 மி.மீ. இடைவெளி போதும். கண்டென்சரில் சூடேறிய காற்றுதான் ரேடியேட்டருக்குள் போகிறது என்பதால் ரேடியேட்டரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டரோடு ஏசி போட்டால் எஞ்சின் கொதிக்கும்.

இனி ஓட்டைகள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பக்கவாட்டில் திறந்திருந்தால், காற்று கண்டென்சரைத் தொடாமலே பக்கம் வழியாக நுழைந்துவிடும். ரேடியேட்டர் தாங்கி, கிரில் பின்புறம், பானெட் விளிம்பு ஆகிய எல்லா இடத்திலும் ரப்பர் பட்டையோ ஃபோமோ வைத்து அடையுங்கள். தொழிற்சாலையில் போட்ட ரப்பர் தடுப்புகள் பெயின்ட் வேலைக்காகக் கழற்றப்பட்டு, பிறகு மாட்டப்படாமலே போயிருப்பது பழைய கார்களில் சர்வ சாதாரணம்.

கார் நிற்கும்போது எஞ்சின் அறையின் வெந்காற்று அடியில் இறங்கி முன்னால் வந்து மறுபடி கண்டென்சருக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். ஐடிலில் பத்து நிமிடம் விட்டு, கண்டென்சருக்கு ஒரு விரல் தூரத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். வெளிக்காற்றைவிட 5, 6 டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் சூடான காற்றே சுற்றி வருகிறது. கீழ்த்தடுப்பு ஒன்று தேவை. அடுத்து, ஒரு செய்தித்தாள் துண்டைக் கண்டென்சர் முகத்தில் வையுங்கள். ஐடிலில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தால் ஃபேன் எந்தப் பகுதியை இழுக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

எஞ்சினால் சுழலும் ஃபேனுக்கு ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) கட்டாயம். இறக்கையின் பாதி ஆழம் ஷ்ரவுட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் ஷ்ரவுட்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி. ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும். மின்சார ஃபேனை முன்னால் வைத்துத் தள்ளுவதைவிட, இடமிருந்தால் பின்னால் ஷ்ரவுட்டோடு வைத்து இழுப்பது மேல். முன்னால் வைத்தே ஆக வேண்டும் என்றால் தகடுகளைக் குத்தி நுழையும் பிளாஸ்டிக் கம்பிகளால் கட்டாதீர்கள். அதிர்வில் கண்டென்சர் குழாய் தேய்ந்து ஓட்டை விழும். சட்டத்தில் பிராக்கெட் அடித்து மாட்டுங்கள்.

போர்ஷே 911 போன்ற பின் எஞ்சின் கார்களில் எஞ்சின் மூடியிலேயே கண்டென்சர் இருக்கும். கார் நின்றால் எஞ்சின் சூட்டிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. முன்பகுதியிலோ பின் சக்கர வளைவுக்குள்ளோ ஃபேனோடு கூடுதல் கண்டென்சர் வைப்பதுதான் அங்கே பலன் தரும்.

மின்சாரம்

கிளட்ச் காயில் 12 வோல்ட்டில் 3.5 முதல் 4 ஆம்பியர் எடுக்கும். மீட்டரில் 3 முதல் 4 ஓம் காட்டும். பெரிய மின்சார ஃபேன் ஒன்று 15 முதல் 20 ஆம்பியர், ப்ளோயர் தனி. இதோடு ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் டைனமோ உள்ள கார் தாங்காது. 60-80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் தேவை, அதுவும் ஐடிலில் போதுமான மின்சாரம் தருவதாக. ஃபேனுக்கும் கிளட்சுக்கும் தனித்தனி ரிலே, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ். டேஷ்போர்டின் ஐம்பது வருட சுவிட்ச் வழியாக ஃபேனின் மின்சாரத்தை ஓட்டினால் சுவிட்ச் உருகும்.

பாசிட்டிவ் எர்த் கார்களில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை) கவனம். கிளட்ச் காயில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒட்டும், ஆனால் அதோடு டையோடு இருந்தால் ஷார்ட் ஆகும். புது ப்ளோயர் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். உருளை இறக்கை தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வரும், ஆனால் மிகக் குறைவாக. காற்று மெலிதாக வருகிறதே என்று கூலிங் காயிலைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அழுத்த சுவிட்ச் இல்லாத பழைய அமைப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கேஸ் குறைந்தால் கிளட்சை நிறுத்தும், ஹை சைடு 350-400 பிஎஸ்ஐ ஆனாலும் நிறுத்தும் பைனரி சுவிட்ச் போதும். ட்ரைனரி சுவிட்ச் என்றால் 230-250 பிஎஸ்ஐ வாக்கில் மின்சார ஃபேனையும் போட்டுவிடும். எஞ்சின் சூடேறினால் மட்டும் ஓடும் ஃபேனைவிட இது ஏசிக்கு ஏற்றது.

வேக்கம், பிறகு கேஸ்

குறைந்தது 45 நிமிடம் வேக்கம் போடுங்கள், ஈரமான நாளில் ஒன்றரை மணி நேரம். காற்றை எடுப்பதோடு உள்ளே ஒட்டிய ஈரத்தைக் கொதிக்கவைத்து எடுப்பதும் இதன் வேலை. 22 டிகிரியில் தண்ணீர் கொதிக்க 29.1 அங்குல (பாதரச அளவில்) வேக்கம் தேவை. இரண்டு அங்குலம் குறைவாக இழுக்கும் பம்பால் ஈரம் போகாது. மைக்ரான் மீட்டர் இருந்தால் 500 மைக்ரான் வரை இறக்குங்கள். பம்பை மூடி அரை மணி நேரம் பாருங்கள். முள் அசைந்தால் லீக்கை மறுபடி தேட வேண்டும்.

ஆர்-134ஏ-யின் அளவு, காரின் லேபிளில் உள்ள ஆர்-12 எடையில் 80 முதல் 85 சதவீதம். லேபிள் 1,100 கிராம் என்றால் 880 முதல் 935 கிராம். கண்டென்சரும் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கும் தோராயமே. 75 சதவீதத்தில் தொடங்கி 50 கிராம், 50 கிராமாகக் கூட்டுங்கள். தராசு இல்லாமல் ஏற்றாதீர்கள். கேஜையும் பாட்டிலையும் இணைக்கும் மஞ்சள் ஹோஸிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, எஞ்சின் நின்ற நிலையில் ஹை சைடு வழியாகத் திரவமாக முதல் பங்கை விடுங்கள். ஹை சைடு வால்வை மூடுங்கள். கிளட்ச் முன்தகட்டைக் கையால் எட்டு, பத்து சுற்று சுற்றுங்கள். சிலிண்டருக்குள் திரவம் நின்றால் ரீட் வால்வ் உடையும். பிறகு எஞ்சினை ஓட்டி, பாட்டிலை நிமிர்த்தி, ஆவியாக லோ சைடில் மிச்சத்தை விடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் நேராகக் கேனுக்குள் போய் கேன் வெடிக்கும்.

உள்ளே ஓடும் திரவத்தைக் காட்டும் பார்வைக் கண்ணாடி தெளியும்வரை ஏற்றுவது ஆர்-12 பழக்கம். ஆர்-134ஏ-யில் சரியான அளவிலும் சிறிது நுரை தெரியும். தெளியட்டும் என்று ஏற்றினால் அளவு மிஞ்சி ஹை சைடு எகிறும். கூட்டக் கூட்ட வென்ட் வெப்பம் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்று, மறுபடி ஏறத் தொடங்கும். நின்ற இடத்தோடு நிறுத்துங்கள்.

பிஓஏ வால்வ் இருந்தால் அதையும் மாற்றிச் சீர்செய்ய வேண்டும். 0 டிகிரிக்கு ஆர்-12-ன் அழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ-க்கு சுமார் 28. பழைய அளவிலேயே விட்டால் கூலிங் காயில் தேவையான குளிருக்கு இறங்காது.

காருக்குள்

ஹீட்டர் வால்வ் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். கிளாம்ப் ஒன்றால் ஹீட்டர் ஹோஸை நசுக்கிப் பிடித்து வென்ட் தெர்மாமீட்டரைக் கவனியுங்கள். வெப்பம் உடனே இறங்கினால் வால்வ் கசிந்து, ஒரு பக்கம் குளிர்விக்கும் காற்றை மறுபக்கம் வெந்நீர் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் பக்கச் சுவரில் வயர் போகும் துளைகள், பெடல் துளை, ஸ்டியரிங் தண்டின் ரப்பர் ஆகியவற்றை அடையுங்கள். இருட்டில் எஞ்சின் அறையில் விளக்கை வைத்துவிட்டு, உள்ளே கால்பகுதியில் குனிந்து பார்த்தால் எல்லா ஓட்டையும் ஒளிக்கீற்றாகத் தெரியும். தரையிலும் கூரையிலும் வெப்பத் தடுப்புப் பாய் ஒட்டுவது கேஸ் அளவைத் திருத்துவதைவிடப் பலமடங்கு பலன் தரும், குறிப்பாக எக்ஸாஸ்ட் மேல் பகுதியில்.

எக்ஸ்பான்ஷன் வால்வின் உணர்குமிழை, சுத்தம் செய்த சக்ஷன் குழாயின் மேல்பக்கத்தில், உலோகத்தோடு உலோகம் ஒட்டும்படி கட்டி, கார்க் நாடாவால் சுற்றுங்கள். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாய் கூலிங் காயில் தகடுகளுக்குள் 75 மி.மீ. வரை நுழைந்திருக்க வேண்டும். அது வெளியே வந்துவிட்டால் காயில் பனிக்கட்டியாகும், அரை மணிப் பயணத்தில் காற்றே நின்றுபோகும். வடிகால் குழாய் மடங்காமல் கீழ்நோக்கிப் போகட்டும். அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கித் தரைத் தகட்டைத் துருவாக்கும், பழைய காருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

வேலை முடிந்ததும் சர்வீஸ் வாயில் ஆர்-134ஏ அடாப்டரை நிரந்தரமாகப் பொருத்தி, மூடிகளையும் மாட்டுங்கள்; வால்வ் ஊசி கசிந்தாலும் அந்த மூடியின் ரப்பர்தான் கடைசித் தடுப்பு. எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில், எத்தனை மி.லி., தேதி என எழுதி பானெட்டுக்குக் கீழே ஒட்டுங்கள். முதல் மாதம் ஓட்டிய பிறகு பெல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஆயில் கறை வருகிறதா என்று பாருங்கள்.